எழுத்துவழி மின்னஞ்சல் நிரல்கள்: பைன், மட் ஆகியவற்றின் வரலாறும் அமைவும்

எழுத்துவழி மின்னஞ்சல் நிரல் என்பது, படங்களோ பொத்தான்களோ இல்லாமல், முனையத் திரையில் எழுத்துகளை மட்டும் காட்டும் மின்னஞ்சல் மென்பொருள். பெரும்பாலும் விசைப்பலகை கொண்டே இதை இயக்குவார்கள். பைன், மட் ஆகிய இரண்டும் இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றின் வரலாற்றை அறிந்தால், கைப்பேசியில் நாம் ஒரு தொடுதலில் அனுப்பும் மடல் உள்ளே எப்படிப் பயணிக்கிறது என்பதும் விளங்கும்.

தொடக்கம்

1971-இல் அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஆர்ப்பநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. அக்காலத்தில் மடல்களைப் படிப்பது எளிதாக இல்லை. வந்தவை அனைத்தும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். லாரி ராபர்ட்ஸ் எழுதிய ஆர்.டி. என்ற நிரல், மடல்களைப் பட்டியலிட்டு வேண்டியதை மட்டும் படிக்க வழி செய்தது. 1975-இல் ஜான் விட்டல் எழுதிய எம்.எஸ்.ஜி. நிரலில், முகவரியை மீண்டும் தட்டச்சு செய்யாமலே பதில் எழுதும் கட்டளை இருந்தது.

பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகப் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் 1978-இல் மெயில் நிரலை எழுதினார். 1986-இல் டேவ் டெய்லர் எழுதிய எல்ம், முழுத் திரையிலும் மடல் பட்டியலைக் காட்டியது.

பைன்

1989-இல் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் உருவாகத் தொடங்கியது. கணினி வல்லுநர் அல்லாத அலுவலகப் பணியாளர்களும் அச்சமின்றி மின்னஞ்சலைக் கையாள வேண்டும் என்பதே நோக்கம். அந்த இடத்தில் எந்தெந்த விசைகள் பயன்படும் என்று திரையின் அடியில் இரண்டு வரிகளில் எப்போதும் எழுதியிருக்கும். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மடல் எழுதுவதற்குப் பிக்கோ என்ற எளிய தொகுப்பியும் உடன் இருந்தது. இன்று லினக்ஸ் பயனர்கள் அறிந்த நானோ தொகுப்பி, பிக்கோவைப் பின்பற்றி எழுதப்பட்டதே.

1992-இல் பைன் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானது. மடல்களை வழங்கியிலேயே வைத்துக்கொண்டு எங்கிருந்தும் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையை உருவாக்கிய மார்க் கிரிஸ்பினும் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எனவே ஐமேப் வசதி பைனில் நன்றாக அமைந்தது.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. படங்களைக் காட்டாத, விலை குறைந்த ஷெல் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இத்தகைய எழுத்துத் திரைதான் மின்னஞ்சலின் வாசல்.

பைனுக்கு உரிமத்தில் ஒரு குறை இருந்தது. மாற்றி அமைத்த பதிப்பை மற்றவர்கள் தாராளமாக விநியோகிக்க அது இடம் தரவில்லை. இதனால் கட்டற்ற மென்பொருளைப் போற்றியவர்கள் பலர் பைனை விட்டு விலகினர். பின்னாளில் பல்கலைக்கழகமே அப்பாச்சி உரிமத்தின்கீழ் ஆல்பைன் என்ற புதிய நிரலை வெளியிட்டது. யுனிகோடு வசதியும் அதில்தான் வந்தது.

மட்

1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் மட் நிரலை எழுதினார். எல்ம் நிரலின் சாயல் இதில் உண்டு. ஒரு மடலுக்கு வந்த பதில்களைக் கிளை கிளையாகக் காட்டுவது இதன் சிறப்பு. பைனில் அமைவுகளைத் திரையிலேயே மாற்றலாம். மட் நிரலிலோ பயனரின் வீட்டு அடைவிலுள்ள ஓர் உரைக் கோப்பில் அவற்றை எழுத வேண்டும். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் வழக்கமான பட்டியலில் அது தெரியாது. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது.

அமைவில் நான்கு கேள்விகள்

எந்த நிரலானாலும் அமைவுக் கோப்பு நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

1. நான் யார்? பெயரும் மின்னஞ்சல் முகவரியும்.
2. மடல் எங்கிருந்து வருகிறது? ஐமேப் வழங்கியின் பெயரும் போர்ட் எண்ணும். தொடக்கத்திலேயே மறையாக்கம் செய்யும் இணைப்புக்கு 993. சாதாரணமாகத் தொடங்கி, பிறகு மறையாக்கத்துக்கு மாறும் இணைப்புக்கு 143.
3. மடல் எதன் வழியே போகிறது? எஸ்.எம்.டி.பி. வழங்கி, போர்ட் 587 அல்லது 465.
4. அனுப்பியதன் படியை எங்கே வைப்பது? கோப்புறையின் பெயர்.

இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மடல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் ஐமேப் அமைவைத் திருத்திப் பயனில்லை. மட் நிரலுக்கு நெடுங்காலம் நேரடியாக அனுப்பும் வசதியே கிடையாது. கணினியிலுள்ள சென்ட்மெயில் போன்ற வேறொரு நிரலிடம் மடலை ஒப்படைத்துவிடும். 2007-இல்தான் எஸ்.எம்.டி.பி. வசதி அதில் சேர்ந்தது.

வழக்கமான கோளாறுகள்

திரை உறைந்துவிடுதல்: சேமிப்பதாக எண்ணிக் கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால், பல முனையங்களில் திரை அப்படியே நின்றுவிடும். நிரல் பழுதாகவில்லை. பழைய தட்டச்சு முனையங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த வைத்த நிறுத்தக் குறி அது. கண்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் திரை மீண்டும் இயங்கும்.

படிக்க மட்டும் திறத்தல்: அலுவலகக் கணினியில் பைனை மூடாமல் வந்து, வீட்டிலிருந்து அதே அஞ்சல்பெட்டியைத் திறந்தால், பழைய அமர்வு படிக்க மட்டுமே என்ற நிலைக்கு மாறும். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதி மடல்களைச் சிதைக்காமலிருக்கச் செய்த பாதுகாப்பு இது.

பதிலே வராமல் காத்திருத்தல்: 993 என்று எண்ணை எழுதிவிட்டு, மறையாக்கம் வேண்டாம் என்று அமைத்தால், வழங்கி முதலில் பேசட்டும் என்று நிரல் காத்திருக்கும், நிரல் மறையாக்கத்தைத் தொடங்கட்டும் என்று வழங்கி காத்திருக்கும். கடவுச்சொல் வரை இணைப்பு போகவே போகாது.

எண் சொல்லும் செய்தி: 1982-இல் ஜான் போஸ்டல் வரையறுத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் வழங்கி மூன்று இலக்க எண்ணால் விடை தரும். 2-இல் தொடங்கினால் வெற்றி. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, பிறகு முயலலாம். 5-இல் தொடங்கினால் நிலையான மறுப்பு. 535 என்றால் பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 550 பெரும்பாலும் அந்த முகவரியில் அஞ்சல்பெட்டி இல்லை என்பதைக் குறிக்கும். பிழைச் செய்தியில் முதலில் படிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

தமிழ் சிதைதல்: 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் அது ஐந்து குறிகள், யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள். ஒரு பைட்டு ஓர் எழுத்து என்று கருதும் பழைய அமைவில் அந்த 15 பைட்டுகளும் புரியாத குறிகளாகச் சிதறும். நிரல், முனையம், இயங்குதளத்தின் மொழி அமைவு ஆகிய மூன்றும் யு.டி.எஃப்-8 ஆக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மடல் குலையும்.

இன்றைய நிலை

இன்றைய பெரிய தடை கடவுச்சொல்லில் இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில், வெறும் கணக்குக் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெறலாம். அல்லது ஓஆத் முறையைப் பின்பற்றலாம். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் 535 வருகிறது என்று குழம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே. அந்தக் கடவுச்சொல்லை அமைவுக் கோப்பில் எழுதினால், கோப்பைப் பிறர் படிக்க முடியாதபடி அனுமதியை மாற்றவும் வேண்டும்.

ஆல்பைனும் மட்டின் கிளையான நியோமட்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. வேகம் குறைந்த இணைப்பிலும், தொலைவிலுள்ள வழங்கியிலும் அவை இயங்குகின்றன. வலை உலாவியில் மடல் படிக்கும்போது 'ஏதோ தவறு நேர்ந்தது' என்ற ஒரு வரியோடு பிழைச் செய்தி முடிந்துவிடுகிறது. இவையோ எந்த வழங்கி, எந்த எண்ணில், என்ன மறுப்புச் சொன்னது என்பதைத் திரையிலேயே காட்டுகின்றன. கணினி வலையமைப்பு பயிலும் மாணவர் ஒருமுறை மட் நிரலைத் தம் கையால் அமைத்துப் பார்த்தால், பாடநூலில் படித்த நெறிமுறைகள் கண்முன் வேலை செய்வதைக் காணலாம்.