கத்திரி வெயிலும் நைல் நதியும்

வருஷா வருஷம் மே 4 வந்தா "அக்னி நட்சத்திரம் ஆரம்பம்"னு பேப்பர்காரங்க போட்டுடறாங்க. நாமளும் மோர், நுங்குன்னு தேடி ஓடறோம். வெயிலுக்கு ஏன் நட்சத்திரத்தோட பேரு? கொஞ்சம் நோண்டிப் பார்த்தா விஷயம் எகிப்து வரைக்கும் போகுதுங்க.

முதல்ல எகிப்து. வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கிற ஓரியனுக்குப் பக்கத்துல பளிச்சுன்னு ஒண்ணு இருக்கே, அது சிரியஸ். வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம். எகிப்துக்காரங்க சொப்தெத்னு சொன்னாங்க. வருஷத்துல சுமார் 70 நாள் இது சூரிய வெளிச்சத்துல மறைஞ்சு கிடக்கும். அப்புறம் ஜூலை வாக்குல ஒரு நாள் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கிழக்கே எட்டிப் பார்க்கும். நைல்ல வெள்ளம் ஏறுறதும் அந்தச் சமயம்தான். எங்கேயோ எத்தியோப்பியா மலையில பெய்யுற மழைக்கு, மழையே இல்லாத எகிப்துல அறிவிப்புக் கொடுத்தது இந்த நட்சத்திரம். வெள்ளக் காலம், விதைப்புக் காலம், அறுவடைக் காலம்னு நாலு நாலு மாசமா மூணு பருவம். அதுதான் அவங்க வருஷம்.

இப்ப நம்ம கதை. சூரியன் பரணி மூணாம் பாதத்துல நுழைஞ்சு, கார்த்திகையைத் தாண்டி, ரோகிணி முதல் பாதத்தைக் கடக்கிற வரைக்கும் உள்ள நாட்கள்தான் அக்னி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி, அதான் பேரு. இதுக்கு ஆறாமீன்னும் பேரு. மே மாசம் முழுக்கத் தேடினாலும் ஆறாமீன் கண்ணுல படாது, சூரியன் பக்கத்துல மறைஞ்சிருக்கும். ஜூன்ல விடியக்காலம் கிழக்கே திரும்ப வரும். சிரியஸ் ஆடின அதே கண்ணாமூச்சி! நவம்பர்ல பார்த்தீங்கன்னா தலைகீழ். பொழுது சாயும்போது கிழக்கே உதிச்சு ராத்திரி பூரா இருக்கும். பௌர்ணமி நிலா அதுகிட்ட வர்ற நாள்லதான் திருவண்ணாமலையில தீபம். ஆக ஒரே மீன் கூட்டம் கோடைக்கும் அடையாளம், வடகிழக்குப் பருவமழைக்கும் அடையாளம்.

கள்ளக்குறிச்சி பக்கம் இது எவ்வளவு தேவைன்னு யோசிச்சுப் பாருங்க. கல்வராயன் மலையில பிறக்கிற கோமுகி ஆறு மழையை நம்பின ஆறு. மலை மேல சாமை, கேழ்வரகு, மரவள்ளி எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. எப்ப விதைக்கலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சாகணும்.

ஆனா நட்சத்திரம் "எப்போ"ன்னுதான் சொல்லும். "எவ்வளவு"ன்னு சொல்லாது. எகிப்துக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். அதனாலதான் எலிஃபன்டைன் தீவு மாதிரி இடங்கள்ல ஆத்தங்கரையில கல்படி கட்டி, தண்ணி எத்தனை முழம் ஏறுதுன்னு அளந்தாங்க.

நம்மூர்லயும் ஒருத்தர் இதைப் பத்திப் பாடியிருக்கார். கபிலர்! வெள்ளி தெற்கே போனா மழை பொய்க்கும்னு அந்தக் காலத்துல ஒரு நம்பிக்கை. புறநானூறு 117-ல கபிலர் சொல்றது இதுதான்: சனி புகைஞ்சாலும், வால்மீன் தோணினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரி நாட்டுல விளைச்சல் குறையாது, ஏன்னா அவன் ஆட்சி அப்படி. நண்பனைப் புகழ்ற பாட்டுதான், ஒத்துக்கறேன். ஆனாலும் வெள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்கிறது சரிதானே? அது ஒரு சுத்து முடிச்சு அதே நிலைக்கு வர சுமார் 584 நாள் ஆகும். வருஷத்தோட ஒட்டவே ஒட்டாது. இந்தக் கபிலர் உயிர் விட்ட இடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர். அங்க இருக்கிற முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு அவர் தீயில இறங்கினதைச் சொல்லுது.

சரி, "எப்போ"ங்கிறதையாவது முழுசா நம்பலாமா? அங்கதான் இடிக்குது. எகிப்து வருஷம் சரியா 365 நாள். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் நழுவும், 120 வருஷத்துல ஒரு மாசமே காலி! கி.மு. 238-ல மூன்றாம் டாலமி காலத்துல நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டச் சொல்லி ஆணையே போட்டாங்க. நிலைக்கலை. அப்புறம் ரோமாபுரி அகஸ்டஸ் வந்துதான் சரியாச்சு.

சிரிக்காதீங்க, நம்மதும் நழுவுது :-) நம்ம மாசம் நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. பருவமோ பூமியோட சாய்வைப் பொறுத்தது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாத் தலையாட்டறதால, ரெண்டுக்கும் நடுவுல சுமார் 70 வருஷத்துக்கு ஒரு நாள் இடைவெளி விழுது. இப்போதைக்கு 24 நாள் சேர்ந்தாச்சு. சூரியன் வடக்கே திரும்பறது டிசம்பர் 21, 22-லயே முடிஞ்சுடுது. நாம உத்தராயணம்னு பொங்கல் வைக்கறது ஜனவரி நடுவுல.

1952-ல மேக்நாத் சாகா தலைமையில ஒரு குழு போட்டு இதை அலசினாங்க. 1957 மார்ச் 22-ல தேசிய நாட்காட்டியும் வந்துச்சு. அரசிதழ்ல அந்தத் தேதி இருக்கு, நம்ம வீட்டு காலண்டர்ல நாம பார்க்கறது என்னவோ பழைய பஞ்சாங்கம்தான். இன்னும் 2,000 வருஷம் இப்படியே போனா கத்திரி ஜூன்ல தொடங்கும், ஆடி ஆகஸ்ட் நடுவுல பிறக்கும். "ஆடிப் பட்டம் தேடி விதை"ன்னு அப்ப விதைக்கிறவர் ஒரு மாசம் லேட்!

எகிப்துல அஸ்வான் பெரிய அணை 1970-ல முடிஞ்ச பிறகு நைல் வெள்ளமே கீழே வர்றதில்லை. சிரியஸ் மட்டும் பழையபடி வந்து போகுது. நம்மூர்ல மழைக்காலம் இன்னும் இருக்கு, ஆறாமீனும் இருக்கு. வெள்ளிமலைப் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க, அங்க உள்ள பெரியவங்க எந்த மீனைப் பார்த்து எதை விதைச்சாங்கன்னு கேட்டு எழுதுங்களேன். பஞ்சாங்கத்துல இல்லாத கணக்கு அவங்ககிட்ட இருக்கலாம்.