'தவறுதலாக அனுப்பப்பட்டது': ஒரு சிறு வரலாறு

தவணை விடுமுறைக்கு முந்திய வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்தது. எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவருக்கு அவருடைய கடனட்டைக்காரர்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. நீங்கள் தங்க அங்கத்தவராக உயர்த்தப்பட்டிருக்கிறீர்கள், இனி வருடக் கட்டணம் இல்லை, விமான நிலைய ஓய்வறை இலவசம் என்று. அதை நம்பி அவர் தன்னிடமிருந்த மற்ற அட்டையை ரத்துச் செய்துவிட்டார். நான்காம் நாள் இன்னொரு செய்தி: முன்னைய செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது, வருந்துகிறோம்.

அறை இரண்டு கட்சியானது. "பிழை எல்லாருக்கும் வரும்தானே, விடுங்கள் டீச்சர்" என்றார்கள் சிலர். "எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான்" என்றார்கள் மற்றவர்கள். டீச்சர் கேட்டது ஒன்றைத்தான்: "சேர், பிழை அவங்கட. நட்டம் மட்டும் ஏன் என்ட?"

வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நீதிமன்றங்கள் இருக்கின்றன, எரிந்த லொறிகள் இருக்கின்றன, ஓர் ஆசிரியையின் மரணமும் இருக்கிறது. அன்று இடைவேளை முடிந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போவோம். வருடம் 1992.

அங்கே பெப்சி கம்பனி ஒரு போட்டி நடத்தியது. சோடாப் போத்தல் மூடியின் உட்பக்கத்தில் மூன்று இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். இரவில் தொலைக்காட்சியில் வெற்றி எண்ணை அறிவிப்பார்கள். ஆகச் சிறிய பரிசு 100 பெசோ. ஆகப் பெரியது 10 இலட்சம் பெசோ, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40,000 அமெரிக்க டொலர். கூலி வேலை செய்பவரும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் மூடிகளைச் சேர்த்து வைத்தார்கள். விற்பனை ஏறியது. ஏறியதைப் பார்த்த கம்பனி, முடிய வேண்டிய போட்டியை இன்னும் சில வாரங்களுக்கு நீட்டியது.

1992 மே 25 இரவு அறிவிக்கப்பட்ட எண் 349.

நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் சத்தம் கேட்டது. பெரும் பரிசு இரண்டு பேருக்கு மட்டும் என்றுதான் திட்டம். ஆனால் 349 என்ற எண்ணோடு ஏறத்தாழ 8 இலட்சம் மூடிகள் ஏற்கெனவே கடைகளுக்குப் போயிருந்தன. போட்டியின் முற்பகுதியில் அது பரிசில்லாத எண். வெற்றி எண்களைத் தெரிவு செய்த கணினிப் பட்டியலில் நேர்ந்த பிழையால் அதே எண் வெற்றி எண்ணாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

விடிந்ததும் கம்பனி வாசல்களில் கூட்டம். கம்பனி சொன்னது இதுதான்: பரிசு எண்ணோடு சரியான பாதுகாப்புக் குறியீடும் மூடியில் இருக்க வேண்டும் என்பது விதி, உங்கள் மூடிகளில் அது இல்லை. நல்லெண்ணமாக மூடி ஒன்றுக்கு 500 பெசோ தருகிறோம். 486,170 பேர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கே கம்பனிக்கு 24 கோடி பெசோ செலவானது. மற்றவர்கள் வாங்க மறுத்தார்கள். சங்கம் அமைத்தார்கள், ஊர்வலம் போனார்கள். பெப்சி லொறிகள் கவிழ்க்கப்பட்டன, எரிக்கப்பட்டன, குண்டுகள் வீசப்பட்டன.

1993 பெப்ரவரி 13 அன்று மணிலாவில் ஒரு பெப்சி லொறியை நோக்கி எறியப்பட்ட குண்டு தெறித்து விழுந்து வெடித்தது. இறந்தவர்கள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் ஐந்து வயதுச் சிறுமியும். பின்னர் தாவாவோ நகரத்தில் பெப்சி களஞ்சியத்தில் வெடித்த குண்டுக்கு மூன்று தொழிலாளர்கள் பலியானார்கள். கணினிப் பட்டியல் ஒன்றின் பிழையில் தொடங்கி, அந்தப் பட்டியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஐந்து பேரின் கப்ரில் முடிந்தது. ஆத்திரம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது எறிகிற குண்டுக்குக் குற்றவாளி யார் என்று தெரியாது.

ஏறத்தாழ 22,000 பேர் சட்டத்தை நாடினார்கள். 1996இல் ஒரு வழக்கில் ஆளுக்கு 10,000 பெசோ மன உளைச்சல் நட்டஈடு கிடைத்தது. திருப்திப்படாத மூவர் மேன்முறையீடு செய்தார்கள். 2001இல் அவர்களுக்கு அது 30,000 ஆனது. 2006இல் பிலிப்பைன்ஸ் உயர் நீதிமன்றம் கடைசித் தீர்ப்பைச் சொன்னது: மூடியில் அச்சிடப்பட்ட தொகையைக் கொடுக்கக் கம்பனி கடமைப்பட்டதல்ல, நட்டஈடும் இல்லை. பதினான்கு வருடக் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

ஏன் சட்டம் இப்படிச் சொல்கிறது? குறியீட்டு விதி அந்த வழக்குக்கு மட்டும் உரியது. ஆனால் பிழையாக வந்த சலுகை பற்றிய பொதுவான சிந்தனை அதைவிடப் பழையது. ஆங்கிலச் சட்டத்தில் அதற்குப் பேர்போன வழக்கு ஒன்று 1939இல் இலண்டனில் நடந்தது. ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த 30,000 முயல் தோல்கள். அந்த வியாபாரத்தில் விலை பேசுவது தோல் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான். இருவரும் பேசியதும் அப்படித்தான். எழுத்தில் கொடுக்கும்போது விற்பவர் தோல் ஒன்றுக்கு என்பதற்குப் பதிலாக இறாத்தல் ஒன்றுக்கு என்று எழுதிவிட்டார். ஓர் இறாத்தலுக்கு ஏறத்தாழ மூன்று தோல் நிற்கும். விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. வாங்குபவர் பேசாமல் சரி என்றார், பிறகு எழுத்தைக் காட்டி வழக்குப் போட்டார். தோற்றார். எதிரில் இருப்பவர் பிழை விடுகிறார் என்று தெரிந்துகொண்டே அந்தப் பிழையைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

நம் கடைத்தெருவுக்கும் இது புதிதல்ல. மிச்சக் காசு கூடுதலாகத் தந்துவிட்டால் திருப்பிக் கொடுக்கும்படிதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இணையம் வந்தபோது முயல் தோல் கதை பெரிதாகத் திரும்பி வந்தது. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் ஓர் இணையக் கடையில் 3,854 டொலர் பெறுமதியான பிரின்டர் 66 டொலர் என்று காட்டப்பட்டது. பயிற்சிக்காகச் செய்து பார்த்த விலைப்பட்டியல் தவறுதலாக உண்மையான தளத்தில் ஏறிவிட்டது. ஜனவரி 13 விடியற்காலையில் நண்பர்கள் ஆறு பேர் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டு 1,606 பிரின்டர்களுக்குக் கட்டளை கொடுத்தார்கள். சட்டம் படித்தவர்களும் வணிகம் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் தானாகவே வந்தது. கடை கொடுக்க மறுத்தது. வழக்கில் அவர்களுடைய செய்திப் பரிமாற்றங்களே சாட்சியாக வந்தன. 2004இல் நீதிபதி வி. கே. ராஜா அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவர்களுக்குப் பிழை தெரிந்திருந்தது என்பதுதான் காரணம்.

இதற்கு ஒரு வருடம் முந்தி, பிரித்தானியாவில் கொடக் கம்பனி 329 பவுண் கமராவை 100 பவுண் என்று தன் தளத்தில் போட்டுவிட்டது. முதலில் மறுத்தது. ஆனால் நூறு பவுண் நம்பக்கூடிய விலை, மலிவு விற்பனைக் காலமும்கூட. வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து நின்றார்கள். 2002 ஜனவரி முடிவதற்குள் கம்பனி இறங்கி வந்து, சொன்ன விலைக்கே கொடுத்தது.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து இரண்டிலும் இருந்தது, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் இரண்டிலும் வந்தது. வித்தியாசம் வாங்கியவர் மனதில். ஒருவர் நம்பி வாங்கினார், மற்றவர் பிழை என்று கண்டு பிடித்துக்கொண்டார்.

விமானக் கம்பனிகளிடம் கதை வேறு பக்கம் திரும்பியது. விற்ற பிறகு விலையை உயர்த்தக் கூடாது என்று அமெரிக்காவில் விதி இருந்தது. அதனால் பிழையான கட்டணங்களையும் கம்பனிகள் ஏற்க வேண்டி வந்தது. 2015 பெப்ரவரியில் யுனைட்டட் விமானக் கம்பனியின் டென்மார்க் பக்கத்தில் நாணயமாற்றுப் பிழை ஒன்று நேர்ந்தது. இலண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு முதல் வகுப்புப் பயணம் ஏறத்தாழ 75 டொலருக்குக் கிடைத்தது. டென்மார்க்கில் இல்லாதவர்களும் டென்மார்க்காரர் என்று குறித்து ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். கம்பனி எல்லாவற்றையும் ரத்துச் செய்தது, அரசாங்கம் தலையிடவில்லை. அதே வருடம் மே மாதம் அரசாங்கமே பொது அறிவித்தல் விட்டது: பிழை என்று கம்பனி நிரூபித்து, அந்தப் பயணச்சீட்டை நம்பிப் பயணி செய்த செலவையும் திருப்பிக் கொடுத்தால், ரத்துச் செய்வதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று.

அந்த அறிவித்தலின் பின்பாதியைக் கவனியுங்கள். பிழையை ரத்துச் செய்யலாம். ஆனால் நம்பியவருடைய நட்டத்தைக் கொடுத்துவிட்டு. எங்கள் டீச்சரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் நாம் வாசித்ததில்லை.

இனி அங்கத்துவத் தரத்துக்கு வருவோம். விலைக்காவது ஓர் எண் இருக்கிறது. தங்கம், பிளாட்டினம் என்ற தரங்கள் முழுக்க முழுக்கக் கம்பனியின் வார்த்தையில் நிற்பவை. அமெரிக்காவில் நோர்த்வெஸ்ட் விமானக் கம்பனியின் பிளாட்டினம் அங்கத்தவராக இருந்த ஒரு யூத மதகுருவின் தரத்தை, அவர் அளவுக்கு அதிகமாக முறைப்பாடு செய்கிறார் என்று சொல்லி 2008இல் கம்பனி பறித்தது. துஷ்பிரயோகம் எது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை கம்பனிக்கு இருப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 2014இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. பிழை நேர்வதற்கு முன்பே 'எங்கள் விருப்பம்' என்று எழுதிவைத்துவிட்டால் பிறகு 'தவறுதலாக' என்று சொல்லவும் தேவையில்லை.

ஆனாலும் நம்பியவர் எப்போதும் தோற்பதில்லை. கனடாவில் ஒருவர் தன் பாட்டியின் மரணத்துக்குப் போக எயார் கனடாவின் தளத்தில் விசாரித்தார். பதில் சொன்னது கணினி உரையாடி. இப்போது முழு விலைக்கு வாங்குங்கள், 90 நாட்களுக்குள் மரணக் கழிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அது பிழையான தகவல். கம்பனி கழிவு தர மறுத்ததோடு, அந்த உரையாடி சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்றும் வாதாடியது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் தளத்தில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு என்று 650 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அவர் அந்த உரையாடலின் படத்தைச் சேமித்து வைத்திருந்தார்.

ஆகவே அன்றைய ஆசிரியர் அறையில் இரண்டு கட்சியும் பாதி சரி. பிழை என்று தெரிந்தும் அதைப் பிடித்துத் தொங்குவது நமக்கு அழகல்ல, நம் பிள்ளைகளுக்கு நாம் படிப்பிப்பதும் அதுவல்ல. ஆனால் நம்பத்தக்க ஒன்றைச் சொல்லி, நாம் நம்பி, நமக்கு நட்டம் வந்தால், 'வருந்துகிறோம்' என்ற ஒரு சொல் அந்தக் கணக்கை முடிக்காது. மணிலாவில் மூடியை வைத்திருந்தவர்கள் யாரும் பிழையைக் கண்டு பிடித்தவர்கள் அல்லர். தொலைக்காட்சி சொன்னதை நம்பியவர்கள். சிங்கப்பூர் ஆறு பேருக்கும் அவர்களுக்கும் கிடைத்த முடிவு ஒன்றுதான் என்பதுதான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

டீச்சருக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான். இரண்டு செய்தியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மற்ற அட்டையை ரத்துச் செய்த திகதியைக் குறியுங்கள். தங்கத் தரத்தைக் கேட்காதீர்கள். அவர்களை நம்பியதால் உங்களுக்கு என்ன செலவானது என்று கணக்கெழுதி, அதை மட்டும் கேளுங்கள். கடிதத்தை மரியாதையாக எழுதுங்கள்.

கடிதம் எழுத நாங்களும் கூட இருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறோம்.