கருத்தரிப்பு சிகிச்சையில் பல்கருக் கர்ப்பம்

குழந்தைப்பேறு சிகிச்சையால் ஒரே கர்ப்பத்தில் இரண்டோ அதற்கு மேலோ கருக்கள் வளரும் நிலை. இயற்கையில் ஏறத்தாழ 89 பேறுகளுக்கு ஒன்று இரட்டை என 1895இல் மருத்துவர் ஹெலின் கணக்கிட்டார். சிகிச்சையில் இவ்விகிதம் பன்மடங்கு கூடுகிறது.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து உருவானவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தவர் சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் ஊசியால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை எடுத்தார். கருவை உறையவைத்துப் பின்னர் கருப்பையில் வைத்தார். மேற்கு வங்க அரசின் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கையாண்ட ஊசி முறையே பின்னாளில் உலக வழக்கானது. முட்டைகள் நிறையக் கிடைத்ததும், ஒன்றாவது தங்கட்டும் என்று மூன்று நான்கு கருக்களை வைக்கும் பழக்கமும் கூடவே வந்தது. 1981இல் மெல்போர்னில் முதல் சோதனைக் குழாய் இரட்டையர் பிறந்தனர். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில், கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது.

இரு முட்டை இரட்டையருக்கு நஞ்சுக்கொடி தனித்தனி. ஒரே கரு பிளந்தால், பிளந்த நாளே வகையைத் தீர்மானிக்கும்: 3 நாளுக்குள் எனில் இரண்டு நஞ்சு, 4 முதல் 8க்குள் ஒரே நஞ்சு, இரண்டு பனிக்குடம், அதற்குப் பின் பனிக்குடமும் ஒன்றே. நஞ்சைப் பகிர்ந்தால் ஒரு சிசுவின் ரத்தம் மற்றதற்குப் பாய்ந்து இரண்டுமே ஆபத்துக்குள்ளாகலாம். ஒற்றைக் கரு வைத்தாலும் அது பிளக்கக்கூடும். ஆனால் அது அரிது.

பல்கருக் கர்ப்பத்தில் வரக்கூடிய ஆபத்துகள் பல. தாய்க்கு ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு. பிள்ளைக்குக் குறைமாதம், எடைக்குறைவு, மூச்சுத்திணறல். மூவர் எனில் பேறு பெரும்பாலும் 32 வாரத்தை ஒட்டி நேரும். விருதுநகர் மாவட்டத்து நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அந்த வாரத்தில் வலி கண்டால் திருச்சுழி, அருப்புக்கோட்டை தாண்டி, விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோதான் ஓடவேண்டும். ‘ஒரே பிரசவத்தில் ரெண்டு’ என்று மகிழும் குடும்பத்திடம் இத்தொலைவை முன்கூட்டியே சொல்வது மருத்துவர் கடமை.

ஒரே முறையில் மூன்று கருக்களுக்கு மேல் வைப்பது பொதுவாகக் கூடாது என்றன 2005ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டுநெறிகள். தற்போது கருத்தரிப்பு சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

நஞ்சு ஒன்றா இரண்டா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும்.