வரி முதலில், வயது பிறகு

2025-இல் ஒரு மாலை, பங்சார் எல்ஆர்டி நிலையத்தில் அக்கா மகனுக்காகக் காத்திருந்தேன். பள்ளிப்பையோடு இறங்கி வந்தவன்மேல் மாம்பழ வாசனை. சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி.

“சிகரெட் இல்ல மாமா, வேப்புதான்.”

படிவம் மூன்று படிக்கிறான். அந்தத் ‘தான்’ எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிப் பார்த்தேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஆபத்து என்றால் சிகரெட்தான். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்ற விதி 1993-லிருந்தே இருந்தது. 2009-இல் பெட்டிமேல் அழுகிய நுரையீரல் படங்கள் வந்தன. மாணவர்களின் கைக்காசுக்கு எட்டிய சின்னப் பெட்டிகள் 2010-இல் தடை செய்யப்பட்டு, குறைந்தது 20 குச்சி என்றானது. 2019-இல் உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது. இப்படி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். பலன் இல்லாமல் இல்லை. 13 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களிடம் எடுத்த தேசிய ஆய்வில், சிகரெட் பிடிப்பவர்கள் 2017-இல் 13.8 விழுக்காடு, 2022-இல் 6.2.

அதே ஆய்வில் வேப் பிடிப்பவர்கள் 9.8-லிருந்து 14.9 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள்.

வேப் சிகரெட்டை விரட்டிவிட்டது என்று இதை வாசிக்கலாம். சிலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் 2017-இல் கேட்ட பிள்ளைகள் வேறு, 2022-இல் கேட்ட பிள்ளைகள் வேறு. ஒரே பையன் எதிலிருந்து எதற்குப் போனான் என்று இந்த எண்கள் சொல்லாது. வெளிநாடுகளில் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், வேப் பிடித்தவர்கள் பின்னாளில் சிகரெட்டைத் தொடுவது அதிகமாக இருந்தது. துணிச்சல்காரப் பிள்ளைகள் எப்படியும் இரண்டையும் தொடுவார்கள் என்பது எதிர்வாதம். அதையும் சும்மா தள்ளிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சிகரெட்டின் முதல் இழுப்பு தொண்டையை அறுக்கும், இருமல் வரும். அந்த இருமலே ஒரு வேலி. இன்றைய வேப் திரவங்கள் பலவற்றில் நிகோட்டினோடு அமிலம் சேர்த்து உப்பாக்குகிறார்கள். எரிச்சல் குறைகிறது, நிகோட்டின் அதிகமாக உள்ளே போகிறது. மேலே மாம்பழ வாசனை வேறு. வேலியே இல்லை.

சட்டம் என்ன செய்தது? நிகோட்டின் திரவம் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் இருந்தது. காகிதத்தில் அதை மருத்துவரும் மருந்தாளரும்தான் கொடுக்க முடியும். கடைகளோ தாராளமாக விற்றன. 2015 இறுதியில் சுகாதார அமைச்சு சோதனை நடத்திப் பறிமுதல் செய்தது, பிறகு மறுபடியும் பழைய கதை. 2023 மார்ச் 31 அன்று அமைச்சர் ஸாலிஹா முஸ்தஃபா அந்தத் திரவத்தை நச்சுப் பட்டியலிலிருந்து நீக்கினார். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி. விற்பனைக்கான வயது வரம்பு மட்டும் வரவில்லை. அதைக் கொண்டுவந்த 852-வது சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. நடுவில் பதினெட்டு மாதம்.

2007-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு ஆயுளுக்கும் சிகரெட்டும் வேப்பும் விற்கக்கூடாது என்று கைரி ஜமாலுடின் 2022-இல் கொண்டுவந்த திட்டம், அரசமைப்பின் சமத்துவப் பிரிவுக்கு முரண் என்று 2023 நவம்பரில் கைவிடப்பட்டது.

“எப்ப ஆரம்பிச்ச?” என்று கேட்டேன்.

“ஃபார்ம் ஒன்னுல மாமா.”

கணக்குப் போட்டேன். 2023. அந்தப் பதினெட்டு மாதத்துக்குள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு விற்ற கடைக்காரர் அன்று எந்த வயது விதியையும் மீறவில்லை. அரசுக்கு வரியும் போயிருக்கும்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவுகிறார்கள், இந்த வாரம் போகலாம் என்றேன்.

“அது சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத்தானே மாமா?” என்றான்.