சம்மன் சீட்டு: பாதுகாப்புக்கா, பணத்துக்கா?



சம்பளம் வாங்கியதும் தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் போகிறோம். வண்டியை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகியிருக்கிறது. சம்மன்! வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் ஒரு பகுதி போயிற்று. "இது நம் நன்மைக்கா, அல்லது நகராண்மைக் கழகத்தின் பெட்டியை நிரப்பவா?" என்று மனம் புழுங்குகிறது. இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டிகள் பெருகிய நாள்தொட்டுப் பல நாட்டு மக்களும் கேட்டுவரும் கேள்விதான் இது. அதன் வரலாற்றை இன்று சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கடைத்தெருவில் வேலை செய்பவர்களே காலையில் வண்டியை நிறுத்தி, மாலையில்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருபவர்களுக்கு நிறுத்த இடமே கிடைக்காது. இதற்கு வழி காணும் பொறுப்பு கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் வந்தது. அவர் முயற்சியால் 1935 ஜூலை 16ஆம் நாள் உலகின் முதல் நிறுத்தக் கட்டண மீட்டர் அங்கே நடப்பட்டது. ஒரு மணி நேரத்திற்கு 5 சென்ட். ஆக, ஒருவரே இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பலரும் மாறி மாறிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம்.

இங்கிலாந்தில் 1958 ஜூலை 10ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் மீட்டர்கள் வந்தன. 1960 செப்டம்பரில், போலீசாருக்கு உதவியாகப் போக்குவரத்துக் காவலர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எழுதிய முதல் சீட்டு யாருக்குத் தெரியுமா? ஒரு மருத்துவருக்கு! மாரடைப்பால் துடித்த ஒருவரைக் காப்பாற்ற, ஒரு ஹோட்டலுக்கு அவர் ஓடி வந்திருந்தார். வெளியே அவருடைய வண்டிக்கு 2 பவுன் அபராதம். மக்கள் கொதித்தெழுந்தார்கள், அபராதம் கைவிடப்பட்டது. சட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது, சூழ்நிலையைப் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதை முதல் சீட்டே காட்டிவிட்டது.

பிறகு 1991ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேலையைப் போலீசாரிடமிருந்து நகர மன்றங்கள் ஏற்றுக்கொள்ள வழி செய்தது. அபராதப் பணமும் அந்த மன்றங்களுக்கே போய்ச் சேர்ந்தது. இங்கேதான் சந்தேகம் வலுத்தது. அபராதம் எழுதுபவரும் அதனால் பயன் அடைபவரும் ஒருவரே என்றால், நடுநிலை எப்படி நிலைக்கும்?

இதற்கு ஒரு கடிவாளமும் இருந்தது. மீதமாகும் பணத்தை இன்னின்ன போக்குவரத்துப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. லண்டனின் பார்னெட் நகர மன்றம், வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவதற்கான ஆண்டு அனுமதிக் கட்டணத்தை 40 பவுனிலிருந்து 100 பவுனாக உயர்த்தியது. அங்குக் குடியிருந்த ஒருவர் துணிந்து வழக்குத் தொடுத்தார். 2013 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் வரி வசூலிக்கும் சட்டமல்ல. வேறு செலவுகளுக்குப் பணம் திரட்டவென்று கட்டணத்தை உயர்த்துவது செல்லாது என்பது அதன் சாரம்.

அப்படியானால் சம்மன் எல்லாமே பணத்துக்காகத்தானா? அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. பள்ளி வாசலில் நிற்கும் வேன், சாலையைக் கடக்கும் குழந்தையை மறைத்துவிடுகிறது. முச்சந்தியை ஒட்டி நிற்கும் லாரி, எதிரே வருவதைக் காணவிடாமல் செய்கிறது. குறுகிய தெருவில் நிற்கும் ஒரு வண்டியால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் போகலாம். இத்தகைய இடங்களில் எழுதும் சம்மன் உயிர் காக்கும் சம்மன். அதை நாம் குறை கூறலாகாது.

எனவே, நேயர்களே, மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். சம்மன் எழுதப்படுவது ஆபத்தான இடத்திலா, அல்லது எளிதில் ஆள் அகப்படும் இடத்திலா? எச்சரிக்கைப் பலகை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா? வசூலான பணம் எங்கே போகிறது? இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சம்மன் தன் வேலையைச் சரியாகச் செய்தால், தவறு குறையும். தவறு குறைந்தால் அபராத வருமானமும் குறையும். அந்த வருமானம் குறைவதைக் கண்டு மகிழும் நிர்வாகமே பாதுகாப்பை நாடும் நிர்வாகம்.

நாமும் விதியை அறிந்து வண்டியை நிறுத்துவோம். சம்மன் தவறென்று தெரிந்தால், சீட்டைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்தி, உரிய அலுவலகத்தில் முறையாகக் கேட்போம். கேட்பது குற்றமல்ல, அது குடிமக்களின் உரிமை.