மனநல மருந்துகளும் மனநலச் செவிலியரும்: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள். "மனச்சோர்வுக்கு மருந்து எழுதிக் கொடுத்தவர் டாக்டர் இல்லை, நர்ஸ்" என்று அங்கிருந்து மகனோ மகளோ சொன்னால், இங்கே பெற்றோர் பதறிப் போகிறார்கள். பதறத் தேவையில்லை. அங்கே 'மனநல நர்ஸ் பிராக்டிஷனர்' என்பது தனிப் பணி. செவிலியர் பட்டத்துக்கு மேல் உயர்படிப்பு முடித்து, உரிமம் பெற்றவர்கள் அவர்கள். நோயைக் கண்டறிவார்கள், மருந்து எழுதுவார்கள், அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் தனித்தே இதைச் செய்யலாம். வேறு சில மாநிலங்களில் ஒரு மருத்துவருடன் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்துள்ளது. மனநலத்தில், நம் ஊர் மருத்துவமனைகளில் தனித்து மருந்து எழுதும் செவிலியர் கிடையாது. இங்கே இருப்பவர் மனநலச் செவிலியர். 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அவரை அங்கீகரிக்கிறது. தம் துறைக்கு அனுமதிக்கப்படாத மருந்தையோ சிகிச்சையையோ எவரும் பரிந்துரைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 106-வது பிரிவு சொல்கிறது. ஆகவே மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் வேலை.

ஆனால் மருந்துச் சீட்டு எழுதுவது சில நிமிட வேலை. அந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட வைப்பதுதான் பெரிய வேலை. அங்கேதான் செவிலியர் வருகிறார். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் மருத்துவரிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெளியே எடை பார்ப்பவரும், ஊசி போடுபவரும், "போன மாசம் ஏன் வரலை?" என்று கேட்பவரும் 'சிஸ்டர்'தான்.

ஓலன்சபின் சாப்பிடுபவருக்கு எடையும் சர்க்கரையும் ஏறலாம். க்ளோசபின் தொடங்கியவருக்கு முதல் 18 வாரங்கள் வாரம் ஒருமுறை வெள்ளையணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் 'சாதாரண சளி' என்று விட்டுவிடாமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிட மறுப்பவருக்கு ஃப்ளூஃபெனசின் போன்ற நீண்டகால ஊசியை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். தவணை தவறினால் கேட்டு வர வைப்பதும், உடல் விறைப்பு, கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவற்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வதும் செவிலியரின் பணிகள். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே தெரியும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

நம் வீட்டுப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதைச் செவிலியரிடம் சொல்லலாம். ரிஸ்பெரிடோன் சிலருக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் பாதிப்பு ஏற்படுத்தக் கூடியது. நிக்காஹ் பேசும் காலத்திலேயே மருத்துவரைப் பார்த்து மாற்று கேட்க வேண்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உறக்கமின்மை, கல்யாண அலைச்சல், மருந்து நின்றது எல்லாம் சேர்ந்து புது வீட்டில் நோய் மீண்டும் வெடிக்கிறது. பிறகு 'ஜின் பிடித்துவிட்டது' என்கிறார்கள்.

ரமலான் வரும்போது

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களிலிருந்து நாம் அறிந்ததே. மனநோயும் நோய்தான். நோன்பு வைக்க விரும்பினால், ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவு ஒருவேளை மருந்து என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. காலை, இரவு என்று இருவேளை இருந்தால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று கேட்கலாம். மூன்று வேளை என்றால் நாமாக மூன்றையும் இரண்டில் அடைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும்; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். சென்னை வெயிலில் 13, 14 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்தால், உடலில் நீர் குறைந்து இந்த அளவு ஏறக்கூடும். தலைவலிக்கு மெடிக்கலில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை நடுக்கம் கூடுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் மஃரிப் வரை காத்திருக்காமல் நோன்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். லித்தியம் சாப்பிடுபவர் மருத்துவரின் சம்மதமும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் நோன்பு வைக்கக் கூடாது.

ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்றும் கேட்கிறார்கள். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உணவாகச் செலுத்தப்படாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று முடிவு செய்தது. மேலதிக விளக்கத்தைத் தங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். நோன்பைக் காரணம் காட்டி ஊசித் தவணையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

துஆவும் மருந்தும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவையொட்டி இயங்கிய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017 சட்டத்தின் 95-வது பிரிவு தடை செய்கிறது. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் 'தவா–துஆ' என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துத் தரும் திட்டம் தொடங்கியது. அதே முறையில் ஏர்வாடி தர்காவிலும் மனநலச் சிகிச்சை கொண்டுவரப்பட்டது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். "மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதுவேன்" என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

செலவுக்குத் தயங்குபவர்கள் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ போகலாம். மருந்து இலவசம். மது, போதைப் பழக்கத்துக்கு அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வருபவர்கள் சினேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

போகும்போது பழைய சீட்டுகள், சாப்பிட்டு மீதமுள்ள மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்று செவிலியர் எண்ணிப் பார்த்தால் கோபப்படாதீர்கள். எத்தனை வேளை விட்டுப்போனது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.