இரேவற்சின்னியும் ஈரல் நோயும்

சீன தேசத்தையும் கல்வியையும் இணைத்துக் கூறும் ஹதீஸ் ஒன்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. அதன் ஸனது வலுவற்றது என்பர் முஹத்திஸ்கள். ஆயினும் சீனத்து அறிவை நம் முன்னோர் நாடியது வரலாறு. நாட்டு மருந்துக் கடையே அதற்குச் சாட்சி. இரேவற்சின்னி என நாம் கேட்டு வாங்கும் வேர், அரபு நூல்களில் ‘ராவந்து ஸீனீ’. சீனத்து ராவந்து என்பதே அதன் பொருள்.

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சுங்சிங் என்னும் சீன மருத்துவர் மஞ்சட் காமாலைக்கு வகுத்த கஷாயத்தில் மூன்றே சரக்குகள்: மாசிபத்திரி இனத்துச் செடியொன்று, கார்டீனியாப் பழம், இந்த வேர். உடலில் வெப்பமும் ஈரமும் கலந்து தேங்குவதே மஞ்சள். அது சிறுநீர் வழியே இறங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யரகானைப் பித்தத்தின் கோளாறாகக் கண்ட நம் ஹகீம்களுக்கு இக்கொள்கை அந்நியமாகத் தோன்றியிராது. இப்னு ஸீனாவும் ராவந்தை ஈரலுக்கு உரியதாகவே குறித்தார்.

அறிவு இருவழியும் நடந்தது. அர்ராஸியிடம் வந்து தங்கிய சீனர் ஒருவர், ஜாலீனூஸின் நூல்களைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதிச் சென்றதாக இப்னுந் நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’தில் பதிந்துள்ளார். பின்னர், மங்கோலியர் ஆண்ட பாரசீகத்தின் வஸீர் ரஷீதுத்தீன் சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். 1313இல் எழுதப்பட்ட அதன் பிரதி இஸ்தான்பூலில் உள்ளது.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். முன்னோர் கண்டது கண்ணுக்குத் தெரியும் மஞ்சளை. ஈரலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் வைரஸோ பெரும்பாலும் மஞ்சளைக் காட்டுவதேயில்லை. பி வகை வைரஸின் தடயத்தை ப்ளும்பர்க் 1965இல் கண்டார். சி வகை 1989இல்தான் அறியப்பட்டது. ஆகவே பழைய கஷாயம் இந்நோயை வென்றது என்று சாங் சுங்சிங்கின் பெயரால் உரைப்பது, அவர் சொல்லாததை அவர்மீது ஏற்றுவதாகும். ஸனது பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாததன்று.

சீனத்தில் ஐஞ்சுவைக் கனி எனப்படும் பழத்தின் சத்தை ஆராய்ந்து ‘பைஃபெண்டேட்’ என்னும் மாத்திரை செய்தனர். இரத்தத்தில் ஈரல் நொதியின் அளவு இறங்கியது. நோயாளியின் வீட்டார் மகிழ்ந்தனர். வைரஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. மாத்திரையை நிறுத்தியதும் பலருக்கு அளவு மீண்டும் ஏறியது.

ஜப்பானில் நேர்ந்தது துயரமானது. அதே சாங் சுங்சிங் காய்ச்சலுக்கு எழுதிய மற்றொரு கஷாயத்தை, ‘ஷோ-சைகோ-தோ’ என்ற பெயரில், நாட்பட்ட ஈரல் அழற்சிக்கு அங்கே ஏராளமானோர் உண்டனர். மூலிகைதானே, தீங்கென்ன செய்யும் என்ற எண்ணம் அங்கும் இருந்தது போலும்! சிலருக்கு நுரையீரல் அழன்றது. இன்டர்ஃபெரான் ஊசியோடு அதனைச் சேர்த்துக் கொடுத்தல் 1994இல் தடுக்கப்பட்டது. 1996இல் பத்துப் பேரின் மரணத்தைச் சுட்டி அரசு எச்சரித்தது.

இன்று சி வகையைச் சில மாத மாத்திரைகளே பெரும்பாலோரிடம் முற்றிலும் நீக்குகின்றன. பி வகையை மருந்து அடக்கி வைக்கிறது. அதனைத் தடுக்கும் ஊசியைச் சீனமே 2005 முதல் தன் பச்சிளங் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட்டு வருகிறது.